கட்டுப்பாட்டுப் பொறியியலின் உலக விருதுகள்: கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெப்பநிலை, நீர்மட்டம் போன்றவற்றைக் கருவிகள் தாமாகவே வேண்டிய அளவில் நிறுத்திவைக்கும்படி செய்யும் துறை கட்டுப்பாட்டுப் பொறியியல். அதில் உலகம் மதிக்கும் பெரிய பதக்கங்களுக்கு நீங்களே விண்ணப்பம் போட முடியாது. உங்கள் வேலையை அறிந்த இன்னொருவர் பரிந்துரைக்க வேண்டும். அவர் அறிய வேண்டுமானால் அந்த வேலை எங்காவது எழுத்தில் இருக்க வேண்டும். ஓசூர் சிப்காட்டில் இருபது வருடம் லூப் ட்யூன் செய்தவர்கள், அதாவது அளந்து திருத்தும் கட்டுப்பாட்டுச் சுற்றுகளைச் சரியாக அமைத்தவர்கள், நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் ஒரு பக்கம்கூடத் தாளில் இல்லை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த ஒரு பக்கத்தைப் பற்றியதுதான். அதற்கு முன் எந்தெந்த விருதுகள் இருக்கின்றன, யார் தருகிறார்கள், எதை மதித்துத் தருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலும் செட்டிகரையில் உள்ள தருமபுரி அரசு பொறியியல் கல்லூரியிலும் படிக்கும் மாணவர்கள், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்கள், அவர்களின் ஆசிரியர்கள், ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: யார் தருகிறார்கள் என்று பாருங்கள்

இந்தத் துறைக்கு நோபல் பரிசு கிடையாது என்று வகுப்பில் சொல்வார்கள். தனிப் பிரிவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் 1912இல் இயற்பியல் நோபல் பரிசு சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் டாலேனுக்குப் போனது. கலங்கரை விளக்கங்களிலும் கடல் மிதவைகளிலும் எரியும் வாயு விளக்குகளைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவிகளுக்காகக் கொடுத்தார்கள். பகலில் அணைந்து இருட்டியதும் எரியும் வால்வு அவருடையது. சுத்தமான கட்டுப்பாட்டுப் பொறியியல். அதே பரிசு ஐன்ஸ்டீனுக்கு வருவதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. வால்வோடு மல்லுக்கட்டுபவர்கள் இதை நினைத்துக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

இன்று துறையின் முக்கிய விருதுகள் நான்கு அமைப்புகளிடமிருந்து வருகின்றன.

முதலாவது, மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ-ட்ரிபிள்-இ. அதன் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் விருது 1980இல் நிறுவப்பட்டது. 1982இல் முதன்முதலாகப் பிரிட்டனின் ஹோவர்ட் ரோசன்பிராக் பெற்றார். வெண்கலப் பதக்கம், சான்றிதழ், பணமுடிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் பி.டெக். முடித்த பி.ஆர். குமார் இதை 2006இல் பெற்றார். எம். வித்யாசாகர் 2008இலும், பிரமோத் கார்கோனேகர் 2019இலும் பெற்றார்கள். இதே அமைப்பின் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் சங்கம் தனியாகவும் சில விருதுகளைத் தருகிறது. 1989இல் தொடங்கிய போடே சொற்பொழிவுப் பரிசு, சிறந்த ஆய்வுக் கட்டுரைக்கான ஆக்ஸல்பி விருது, இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான ருபர்ட்டி பரிசு, களத்தில் செய்துகாட்டியவர்களுக்கான கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் டெக்னாலஜி விருது ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

இரண்டாவது, இஃபாக் என்று அழைக்கப்படும் சர்வதேசத் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கூட்டமைப்பு. 1957இல் பாரிசில் தொடங்கப்பட்டது. ஆஸ்திரியாவில் லாக்சன்பர்க் என்ற ஊரில் தலைமைச் செயலகம். முதல் உலக மாநாடு 1960இல் மாஸ்கோவில் நடந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது அமெரிக்கர்களும் ரஷ்யர்களும் ஒரே மேடையில் சமன்பாடு எழுதிய மாநாடு அது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாநாடு கூடுகிறது. 2023இல் யோகோஹாமா, அதற்கு அடுத்து 2026இல் தென்கொரியாவின் பூசான். பெரிய பதக்கங்களை அங்கேதான் வழங்குவார்கள். வாழ்நாள் பங்களிப்புக்கு ஜார்ஜியோ குவாட்சா பதக்கம். இதை முதன்முதலாக 1981இல் பிரிட்டனின் ஜான் கோல்ஸ் பெற்றார். வடிவமைப்பு, கருவி, நடைமுறைத் திட்டம் ஆகியவற்றுக்கு நிக்கல்ஸ் பதக்கம். ஆலையில் செய்துகாட்டிய வேலைக்குத் தொழில்துறைச் சாதனை விருது.

மூன்றாவது, அமெரிக்கத் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கவுன்சில். இதன் உச்ச விருது ரிச்சர்ட் பெல்மன் கன்ட்ரோல் ஹெரிட்டேஜ் விருது. 1979இல் முதல் ஆளாக ஹெண்ட்ரிக் போடே பெற்றார். செமிலாக் தாளில் நாம் வரைகிற போடே வரைபடத்துக்குச் சொந்தக்காரர் அவர்தான். தமிழ்நாட்டுப் படிப்பாளிகள் இந்தப் பட்டியலில் இருப்பது பலருக்குத் தெரியாது. சென்னையில் பிறந்த ஏ.வி. பாலகிருஷ்ணன் 2001இல் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1954இல் பொறியியல் பட்டம் பெற்று, பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான கும்பட்டி நரேந்திரா 2003இல் பெற்றார். 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான எக்மன் விருதையும் இதே கவுன்சில் 1964 முதல் தருகிறது.

நான்காவது, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் ரூஃபஸ் ஓல்டன்பர்கர் பதக்கம். 1968 முதல் வழங்கப்படுகிறது. 1975இல் நைக்விஸ்டும் போடேயும் பெற்றார்கள். 1976இல் ருடால்ஃப் கால்மன்.

கால்மனை ஒரு அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். புடாபெஸ்டில் 1930இல் பிறந்தவர். 1960இல் அவர் வெளியிட்ட வடிகட்டி முறை (பிழை கலந்த அளவீடுகளிலிருந்து உண்மை நிலையை மதிப்பிடும் வழி) அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டலில் பயன்பட்டது. பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்கிறது என்று மின்வாகனங்களில் மதிப்பிட இன்றும் அந்த வழிமுறை பரவலாகப் பயன்படுகிறது. ஓசூரிலும் போச்சம்பள்ளிப் பக்கத்திலும் மின் ஸ்கூட்டர் செய்யும் ஆலைகளில் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் அவர் பெயரைக் கேட்காமல் இருக்க முடியாது. அவருக்கு ஐ-ட்ரிபிள்-இ அமைப்பின் உயர்ந்த கௌரவமான மெடல் ஆஃப் ஆனர் 1974இல் கிடைத்தது. கியோட்டோ பரிசு 1985இலும், பெல்மன் விருது 1997இலும், டிரேப்பர் பரிசு 2008இலும் வந்தன. கட்டுரை வெளியானதற்கும் டிரேப்பர் பரிசுக்கும் இடையில் 48 ஆண்டுகள். பெரிய விருது தாமதமாகத்தான் வரும். அதை இலக்காக வைத்துக்கொண்டு யாரும் வேலை செய்ய முடியாது.

இரண்டாம் படி: போலிகளைக் கழித்துவிடுங்கள்

ஆண்டுதோறும் நம் கல்லூரி ஆசிரியர்களின் மின்னஞ்சலுக்கு அழைப்புகள் குவிகின்றன. ‘உலகச் சிறந்த ஆராய்ச்சியாளர்’, ‘சர்வதேசச் சாதனைச் செம்மல்’ என்று பட்டங்கள். கடைசி வரியில் பதிவுக் கட்டணம் இருக்கும். கோப்பை வேண்டுமென்றால் ஒரு தொகை, மேடையில் வாங்க வேண்டுமென்றால் இன்னொரு தொகை. “இந்த விருதுக்கு எவ்வளவு கட்ட வேண்டும், சார்?” என்று ஒரு மாணவரின் அப்பா கேட்டார். மாம்பழ மண்டியில் கணக்கு எழுதுகிறவர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஏனென்றால் அவர் பார்த்த விருதுகள் எல்லாவற்றுக்கும் கட்டணம் இருந்தது.

மேலே சொன்ன பதக்கங்களுக்குப் பெறுபவர் ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை. சிலவற்றில் பணம் எதிர்த்திசையில் வருகிறது. எனவே பணம் கேட்டால் அங்கேயே நின்றுவிடலாம். சந்தேகம் இன்னும் இருந்தால் அமைப்பின் அதிகாரபூர்வ இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளில் பெற்றவர்களின் பட்டியலைப் பாருங்கள். உண்மையான விருதுக்கு ஆண்டு, பெயர், எதற்காக என்ற ஒருவரிப் பாராட்டுரை மூன்றும் இருக்கும். அந்தப் பெயர்களில் இரண்டை எடுத்துக் கூகுள் ஸ்காலரில் தேடினால் அவர்களின் கட்டுரைகள் வரிசைகட்டி நிற்கும். போலி விருதில் ஒரே ஆண்டில் நானூறு பேர் ‘சிறந்தவர்’ ஆகியிருப்பார்கள்.

மாநாட்டுப் பதிவுக் கட்டணம் வேறு விஷயம். இஃபாக் மாநாடானாலும் ஐ-ட்ரிபிள்-இ மாநாடானாலும் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பதிவுக் கட்டணம் உண்டு, மாணவருக்குக் குறைவாக இருக்கும். அதை மோசடி என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் அனுப்பிய இரண்டாம் நாளே, நடுவர் குறிப்பு ஒன்றும் இல்லாமல் ஒரு மாநாடு கட்டுரையை ஏற்றுக்கொண்டால் கும்பிடு போட்டுவிட்டு விலகிவிடுவது நல்லது.

மூன்றாம் படி: பதக்கத்தின் பெயரில் உள்ள ஆளைப் படியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். எனக்குப் பிடித்த படியும் இதுதான்.

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள ஒரு மாங்கூழ் ஆலைக்குள் சீசனில் போய்ப் பாருங்கள். பெங்களூரா பழம் லாரியில் வந்து இறங்கி, கழுவி, கொட்டை நீக்கி, கூழாகிக் குழாய்க்குள் போகிறது. சூடேற்றும் இடத்தில் நீராவி வால்வு ஒன்று இருக்கும். பேனலில் 96 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு சின்னக் கன்ட்ரோலர். மேல் வரிசையில் இப்போதைய வெப்பநிலை, கீழ் வரிசையில் வேண்டிய வெப்பநிலை. வேண்டியது 95 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசை 95இல் நிற்காது. 91க்கு இறங்கும், 99க்கு ஏறும், திரும்ப இறங்கும். ஆலையில் இதை ‘ஹன்டிங்’ என்பார்கள். காலையில் வந்த பழம் கொஞ்சம் காய்வெட்டு, மதியம் வந்தது நன்றாகக் கனிந்தது. கூழின் அடர்த்தி மாறும்போது அதே வால்வு அதே அளவு திறந்தாலும் சூடு வேறு விதமாக ஏறும். ஆபரேட்டர் பொறுமை இழந்து கன்ட்ரோலரை மேனுவலுக்கு மாற்றிவிட்டுக் கையாலேயே ஓட்டுவார். பல ஆலைகளில் சீசன் முழுக்க அது மேனுவலிலேயே கிடக்கும்.

இந்தச் சிக்கலுக்கு 1942இல் வழி எழுதியவர்கள் ஜான் ஜீக்லரும் நதானியல் நிக்கல்ஸும். அமெரிக்காவில் டெய்லர் இன்ஸ்ட்ருமென்ட் என்ற கருவி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். கருவி விற்ற இடத்தில் வந்த புகார்களிலிருந்து பிறந்த விதி என்றே அதைச் சொல்லலாம். கன்ட்ரோலரில் மூன்று உறுப்புகள் உண்டு: இப்போதைய விலகலைப் பார்ப்பது விகிதம், இதுவரை சேர்ந்த விலகலைப் பார்ப்பது ஒருங்கிணைப்பு, விலகல் மாறும் வேகத்தைப் பார்ப்பது வகையீடு. ஒருங்கிணைப்பு, வகையீடு இரண்டையும் அணைத்துவிட வேண்டும். விலகலுக்குக் கன்ட்ரோலர் எவ்வளவு பலமாகப் பதில் கொடுக்கிறது என்பதைச் சொல்லும் விகித கெயினை மட்டும் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். வெப்பநிலை அடங்கவும் செய்யாமல் பெருகவும் செய்யாமல் ஒரே அளவில் ஆடும் இடம் ஒன்று வரும். அந்த கெயினையும் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று உறுப்புகளும் உள்ள பி.ஐ.டி. கன்ட்ரோலருக்கு கெயின் அதில் 0.6 மடங்கு. ஒருங்கிணைப்பு நேரம் ஆட்ட நேரத்தில் பாதி. வகையீட்டு நேரம் எட்டில் ஒரு பங்கு. கெயின் 5இல் ஆடத் தொடங்கி ஓர் ஆட்டத்துக்கு 40 விநாடி ஆனால், வைக்க வேண்டியது கெயின் 3, ஒருங்கிணைப்பு 20 விநாடி, வகையீடு 5 விநாடி. பல கன்ட்ரோலர்களில் கெயினுக்குப் பதில் விகிதப் பட்டை சதவீதமாக இருக்கும். 100ஐ கெயினால் வகுத்தால் பட்டை வரும். கெயின் 3க்கு 33 சதவீதம். இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு விதி வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் அதிகம். இந்தச் சோதனையைக் கூழ் ஓடும்போது செய்யாதீர்கள். முதலில் குழாயில் தண்ணீர் விட்டு ஓட்டிப் பாருங்கள். கூழ் தண்ணீரைப் போல நடந்துகொள்ளாது என்பதால் கிடைத்த எண்களைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, கூழ் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த வேண்டும். இந்த விதி தரும் எண்கள் சற்று முரட்டுத்தனமானவை என்பதையும் நினைவில் வையுங்கள். வெப்பநிலை வேண்டிய அளவைத் தாண்டி ஒரு தூக்கு தூக்கிவிட்டுத்தான் அடங்கும்.

அந்த நிக்கல்ஸின் பெயரில்தான் இஃபாக்கின் நடைமுறைப் பதக்கம் இருக்கிறது. அவருக்கே ஓல்டன்பர்கர் பதக்கம் 1969இலும் ஹெரிட்டேஜ் விருது 1980இலும் கிடைத்தன. இவ்வளவு பெரிய பெயருக்கு அடித்தளம், ஆலையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு முள்ளை நிறுத்துவதற்கான விதி.

அதே கன்ட்ரோலரில் ‘ஆட்டோ டியூன்’ என்று ஒரு வசதி இருக்கும். அமுக்கினால் வால்வு சில நிமிடம் திறந்து மூடி, திறந்து மூடி விளையாடும். பிறகு எண்களைத் தானே போட்டுக்கொள்ளும். பல கன்ட்ரோலர்களில் இதற்குப் பின்னால் இருப்பது சுவீடனின் கார்ல் யோஹான் ஆஸ்ட்ராமும் தோரே ஹேக்லுண்டும் 1984இல் வெளியிட்ட ரிலே முறை. கெயினை ஏற்றி ஏற்றி ஆபத்தான ஆட்டத்தை உண்டாக்குவதற்குப் பதிலாக, ஒரு ரிலேயைக் கொண்டு அளவான ஆட்டத்தைத் தூண்டி அதே தகவலை எடுத்துவிடுகிறார்கள். ஆஸ்ட்ராம் 1987இல் குவாட்சா பதக்கமும் 1993இல் மெடல் ஆஃப் ஆனரும் பெற்றார்.

இப்படி ஒவ்வொரு விருதுக்கும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் பாராட்டுரையையும் முக்கியமான ஒரு கட்டுரையையும் படியுங்கள். எல்லாச் சமன்பாடும் புரிய வேண்டும் என்பதில்லை. சிக்கல் என்ன, முன்பு என்ன செய்தார்கள், இவர் என்ன மாற்றினார் என்ற மூன்றும் புரிந்தால் போதும். இஃபாக் மாநாட்டுக் கட்டுரைகளின் தொகுப்பு இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கும்படி இருக்கிறது. கல்லூரி நூலகத்தில் சந்தா இல்லையே என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நான்காம் படி: உங்களுக்குரிய வாசலைத் தேர்ந்தெடுங்கள்

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர் என்றால் உங்கள் வாசல் வேர்ல்டு ஸ்கில்ஸ் போட்டி. 1950இல் ஸ்பெயினில் தொடங்கி, இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2024இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்தது, அதற்கு அடுத்தது 2026இல் ஷாங்காய். இதில் தொழிற்சாலைக் கட்டுப்பாடு என்று ஒரு பிரிவும், இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ் என்று ஒரு பிரிவும் இருக்கின்றன. முதலாவதில் தனி ஆளாகப் பேனல் கட்டி, வயர் இழுத்து, பி.எல்.சி. என்ற தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு நிரல் எழுதி, வேண்டுமென்றே வைக்கப்பட்ட பழுதையும் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது இருவர் அணி. வயது வரம்பு பெரும்பாலான பிரிவுகளுக்கு 22, மெக்கட்ரானிக்ஸுக்கு 25. முதல் மூன்று இடங்களுக்குப் பதக்கம். அதற்குக் கீழே 700 புள்ளியைத் தொட்டவர்களுக்குத் தனிச் சிறப்புப் பதக்கம். மாநில அளவில் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்தும் தேர்வில் தொடங்கி, தேசிய அளவில் இந்தியா ஸ்கில்ஸ் வழியாகப் போக வேண்டும். டக்டில் வயர் எப்படிப் படிந்திருக்கிறது, வயர் முனையில் ஃபெருல் ஒழுங்காக அடித்திருக்கிறதா, எண் பட்டை ஒரே திசையில் படிக்கும்படி இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். நம் பட்டறைகளில் ‘ஓடினால் போதும்’ என்று விடும் இடமெல்லாம் அங்கே புள்ளி இழக்கும் இடம். இந்த ஒரு காரணத்துக்காகவே பயிற்சி எடுப்பது பயன் தரும் என்பேன்.

பி.இ. மாணவர் என்றால் உடனே உலக விருதைத் தேடாதீர்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டத்துக்கான நிதியுதவி, இந்தியத் தேசியப் பொறியியல் அகாடமியின் புதுமை மாணவர் திட்ட விருது ஆகிய இரண்டும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன. முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு மாநாடுகளின் மாணவர் கட்டுரை விருதுகள் உண்டு. ஐ-ட்ரிபிள்-இ அமைப்பின் சி.டி.சி. என்ற கட்டுப்பாட்டு மாநாட்டிலும் இஃபாக் உலக மாநாட்டிலும் இளம் ஆசிரியர்களுக்கான பரிசுகள் தருகிறார்கள். கட்டுரையின் முதன்மை ஆசிரியர் மாணவராக இருந்து அவரே மேடையில் வழங்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. வழிகாட்டியின் பெயரை மரியாதைக்காக முதலில் போடும் பழக்கம் சில துறைகளில் இருக்கிறது. அது இங்கே உங்களுக்குக் கேடு.

ஆலைப் பொறியாளர் என்றால் தொழில்துறைச் சாதனை விருது, கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் டெக்னாலஜி விருது ஆகியவற்றின் பாராட்டுரைகளைப் படியுங்கள். அவை தேற்றங்களைக் கேட்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் மாற்றம் வந்ததா, அதை மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தினார்களா என்று கேட்கின்றன.

ஐந்தாம் படி: ஒரே ஒரு லூப்பைப் பதிவு செய்யுங்கள்

பாலக்கோடு, கோபாலபுரம் சர்க்கரை ஆலைகளைப் போன்ற இடங்களில் பாய்லர் டிரம்மின் நீர்மட்டம், மாங்கூழ் ஆலையில் சூடேற்றி, ஓசூரில் ஒரு வெப்பச் சிகிச்சை உலை, ஊராட்சியில் ஒரு மேல்நிலைத் தொட்டி என்று எதை வேண்டுமானாலும் எடுங்கள். ஒன்று போதும்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். இருப்பதை அப்படியே பதியுங்கள். வேண்டிய மதிப்பு, இருக்கும் மதிப்பு, வால்வுக்குப் போகும் சமிக்ஞை ஆகிய மூன்றும் நேரத்தோடு வேண்டும். மூன்றாவதைப் பதியாமல் விட்டுவிடுவதுதான் மாணவர் திட்டங்களில் அடிக்கடி பார்க்கும் குறை. வெப்பநிலை ஆடியதற்குக் கன்ட்ரோலர் காரணமா, வால்வு ஒட்டிக்கொண்டது காரணமா என்று அது இல்லாமல் சொல்லவே முடியாது. வால்வுத் தண்டு ஒட்டினால், சமிக்ஞை ரம்பப் பல் போல ஏறி இறங்கும், வெப்பநிலை சதுரம் சதுரமாக நகரும். அப்படி இருக்கும் வால்வை எத்தனை முறை ட்யூன் செய்தாலும் பயன் இல்லை. தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்டைத் தளர்த்தி, அதனுள் இருக்கும் பேக்கிங்கை மாற்றுவதுதான் மருந்து. பெரிய பெரிய வழிமுறைகளைப் பற்றிக் கட்டுரை எழுதப் போய், கடைசியில் கிளாண்ட் பேக்கிங் என்று முடிந்தால் வெட்கப்பட வேண்டாம். வால்வு ஒட்டுவதைப் பதிவுத் தரவிலிருந்தே கண்டுபிடிப்பது உலகம் முழுக்க ஆராயப்படும் ஒரு தனித் தலைப்பு.

பதிவின் இடைவெளியையும் கவனியுங்கள். ஓர் ஆட்டத்துக்கு 40 விநாடி ஆகும் லூப்பை நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்தால் ஆட்டமே தெரியாது, வேறு ஏதோ பொய்யான அலை தெரியும். அதற்கு இரண்டு விநாடிக்கு ஒருமுறையாவது பதிய வேண்டும்.

பிறகு மாற்றம் செய்யுங்கள். முன்னும் பின்னும் ஒரே மாதிரி நிலைமையில் ஒப்பிடுங்கள். கனிந்த பழம் வந்த நாளைக் காய்வெட்டு வந்த நாளோடு ஒப்பிட்டு ‘முன்னேற்றம்’ என்று காட்டினால் நடுவர் முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார். விலகலின் சராசரி எவ்வளவு குறைந்தது, நீராவிச் செலவு குறைந்ததா, எத்தனை மணி நேரம் கன்ட்ரோலர் ஆட்டோவிலேயே ஓடியது என்பதைப் பதியுங்கள். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆபரேட்டர் நம்பி ஆட்டோவில் விட்டாரா என்பதைவிடப் பெரிய சான்றிதழ் ஆலையில் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

ஆலையின் தரவை வெளியிட எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எண்களை மறைக்கச் சொன்னால் விகிதமாக மாற்றிக் காட்டலாம். அனுமதி இல்லாமல் அனுப்பாதீர்கள், கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

ஆறாம் படி: பக்கத்து ஊரிலிருந்து தொடங்குங்கள்

இஃபாக்கில் இந்தியாவின் உறுப்பு அமைப்பு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோல் அண்ட் டைனமிக் ஆப்டிமைசேஷன் சொசைட்டி. அதன் சார்பில் நடக்கும் ஏ.சி.ஓ.டி.எஸ். மாநாடு 2020இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்தது. இந்தியக் கன்ட்ரோல் மாநாடும் 2015இல் அங்கேதான் முதன்முதலாகக் கூடியது. இரண்டும் ஊர் ஊராக மாறுபவை. உலக மாநாட்டின் தரத்தில் நடுவர்கள் படிப்பார்கள், செலவு ரயில் டிக்கெட் அளவில் முடியும். ஓசூரில் இருப்பவர்களுக்குப் பெங்களூரு ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். அங்கே இந்திய அறிவியல் நிறுவனத்தில் நடக்கும் கருத்தரங்குகளுக்குப் பஸ்ஸில் போய் மாலையே திரும்பிவிடலாம். தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் போவதைப் போலத்தான்.

கட்டுரையில் முதல் பத்தியிலேயே சிக்கலைச் சொல்லிவிடுங்கள். ‘தொன்றுதொட்டு மனிதன்’ என்று தொடங்கும் முன்னுரையை நடுவர்கள் படிப்பதில்லை. நிராகரிப்பு வந்தால் நடுவர் குறிப்புகளை அச்செடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் எழுதுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பாடம் அது. ஏற்கப்பட்டால் மாணவர் பயண உதவித்தொகை இருக்கிறதா என்று உடனே பாருங்கள். அதற்குத் தனிக் கடைசித் தேதி இருக்கும்.

ஏழாம் படி: பரிந்துரைக் கோப்பு

இது பெரும்பாலும் ஆசிரியர்களுக்கும் மூத்த பொறியாளர்களுக்கும். உங்கள் சக ஊழியர் ஒருவரைப் பரிந்துரைக்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐ-ட்ரிபிள்-இ கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் விருதில் தன்னைத் தானே பரிந்துரைக்க இடமில்லை. துறையில் தலைமை, அசல்தன்மை, தாக்கத்தின் பரப்பு, வெளியீடுகள், எவ்வளவு காலம் நிலைத்தது என்று பலவற்றைப் பார்க்கும் நடுவர் குழு, பரிந்துரையின் தரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதாவது நல்ல ஆளுக்கு எழுதிய மோசமான கடிதம் அவரைத் தோற்கடிக்கும்.

நம் ஊர்ப் பாராட்டு மடல்களில் ‘அயராத உழைப்பாளி, அனைவரிடமும் அன்பாகப் பழகுபவர்’ என்று எழுதுவோம். இங்கே அது ஒரு புள்ளியும் பெறாது. அவருக்கு முன் இந்தத் தொழில்நுட்பம் எங்கே நின்றது, அவர் சேர்த்தது என்ன, இப்போது அதை வேறு யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்ற மூன்றையும் சான்றோடு எழுதுங்கள். ஒரே வரியில் பாராட்டுரை எழுதிப் பாருங்கள். ‘இன்னதற்காக’ என்று முடியும் அந்த வரி வரவில்லை என்றால் கோப்பு இன்னும் தயாராகவில்லை.

ஆதரவுக் கடிதம் எழுதுபவர்களில் ஒருவராவது நேரடிப் பயனாளியாக இருக்கட்டும். ஒரே கல்லூரியில் இருந்து மூன்று கடிதம், ஒரே வாசகத்தோடு, ஒரே நாளில் வந்தால் குழு புரிந்துகொள்ளும். ஐ-ட்ரிபிள்-இ தொழில்நுட்ப விருதுகளுக்கான கடைசித் தேதி வழக்கமாக ஜனவரியில் வருகிறது. நமக்குப் பொங்கல் விடுமுறை, செமஸ்டர் தேர்வு எல்லாம் அந்த நேரத்தில்தான். கடிதம் எழுதித் தருபவரிடம் தீபாவளிக்கு முன்பே பேசிவிடுங்கள். தரவு, கட்டுரைப் பட்டியல், ஒருவரிப் பாராட்டுரை மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கையில் கொடுங்கள். அவர் வேலைப்பளு உள்ளவர், தேடிக்கொண்டிருக்க மாட்டார்.